வுடியின் தொப்பியும் வசந்தா அக்காவின் கடன் நோட்டும்

(சேலம் செவ்வாய்ப்பேட்டை. மாலை ஆறரை மணி. தட்டுவடை செட் வண்டியில் வசந்தா. கொலுசுப் பட்டறையில் வேலை முடித்து நேராக வந்து நிற்கிறார் செல்வம். சட்டைக் காலரில் வெள்ளித் தூள் இன்னும் மினுங்குகிறது. கடன் பாக்கி உள்ள ஒருவர் இத்தனை தைரியமாக அந்த வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பது அபூர்வம்.)

செல்வம்: அக்கா, விஷயம் கேள்விப்பட்டேன். கடன் நோட்டை மாமா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாராமே?

வசந்தா: அதற்குள் தெரிந்துவிட்டதா? கால் கிலோகூடத் தேறவில்லையாம். ஒன்றேகால் வருஷத்துக் கடன்யா அது! எடைக்குப் போட்டுவிட்டு, வாங்கின காசில் டீயும் குடித்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்.

செல்வம்: (மிகுந்த துக்கத்தோடு) அடடா, அடடா. சரி, எனக்கு ரெண்டு செட். காரம் தூக்கலாக.

வசந்தா: துக்கத்துக்கு வந்த இடத்தில் காரம் தூக்கலாகவா?

(ஒரு தட்டுவடையை உள்ளங்கையில் வைத்து, சிவப்புச் சட்னியைத் தடவி, மேலே ஒரு சொட்டு பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், ஒரு சிட்டிகை வெங்காயம், அதன் தலையில் இன்னொரு தட்டுவடை. கண் நோட்டை நினைத்துக் கலங்கினாலும் கை தன் வேலையைச் செய்கிறது.)

செல்வம்: நோட்டு போனதற்கெல்லாம் மனசை விடாதீங்க அக்கா. அமெரிக்காவில் ஒரு முழுப் படமே இப்படிப் போயிருக்கிறது. டாய் ஸ்டோரி 2. பொம்மைப் படம்.

வசந்தா: உனக்கு எப்படித் தெரியும்?

செல்வம்: எங்கள் பாப்பாவால்தான். அவளுக்குப் படம் ஒரு தடவை போதும். அதை எப்படி எடுத்தார்கள் என்ற வீடியோ மட்டும் நாள் பூராவும் ஓட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டே நான் பாதி அனிமேஷன் கற்றுக்கொண்டேன். ஒரு செகண்டுக்கு 24 படம் வேண்டும், தெரியுமா?

வசந்தா: எங்கள் வீட்டில் சினிமா பேசாதே. என் மாமனார் நம்ம சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் லைட் தூக்கினவர். தமிழில் முதல் முழுநீளக் கலர் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956. அங்கே எடுத்ததுதான். முதலாளி டி.ஆர்.சுந்தரம் நடந்து வந்தால் ஊசி விழுந்த சத்தம்கூடக் கேட்குமாம். அங்கே எவனாவது ஒரு அடி ஃபிலிமைத் தொலைக்க முடியுமா? இன்றைக்கு ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது, அது வேறு.

செல்வம்: அது ஃபிலிம் பெட்டி அக்கா, பூட்டி வைக்கலாம். இது கம்ப்யூட்டர். 1998-ல், அந்தப் படத்தை எடுத்த பிக்ஸார் கம்பெனியில் யாரோ ஒருத்தர் ஒரு வரி கட்டளை போட்டிருக்கிறார். வேண்டாத ஃபைலை அழிக்கப் போனதோ என்னவோ, மொத்தப் படத்தையும் அழிக்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒருத்தர் கம்ப்யூட்டரில் வுடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வுடி என்றால் தொப்பி போட்ட மாட்டுக்காரப் பொம்மை.

வசந்தா: மாட்டுக்காரனுக்குத் தொப்பி எதற்கு? துண்டு கட்டினால் போதாதா?

செல்வம்: அந்தத் தொப்பிதான் முதலில் காணாமல் போனது! அடுத்து பூட்ஸ். அப்புறம் ஆளே இல்லை.

வசந்தா: ஐயையோ. உடுப்பு ஒவ்வொன்றாகவா? பேய் பிடித்த மாதிரி இருக்கிறதே.

செல்வம்: உடனே போனைப் போட்டு, “ஒயரைப் பிடுங்கு, பிடுங்கு” என்று கத்தியிருக்கிறார்கள். பிடுங்குவதற்குள் படத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் போய்விட்டது.

வசந்தா: காப்பி வைத்திருக்க மாட்டார்களா? இந்தத் தெருவில் ஜெராக்ஸ் கடைக்காரனே எல்லாவற்றுக்கும் ரெண்டு காப்பி வைத்திருக்கிறான்.

செல்வம்: காப்பி எடுக்கும் ஏற்பாடு இருந்தது. அது ஒரு மாசமாகச் சரியாக வேலை செய்யவில்லை. யாரும் திறந்து பார்க்கவில்லை.

வசந்தா: உங்கள் மாமா அங்கேயும் வேலை பார்த்தாரா?

செல்வம்: (ஒரு வாய் கடித்து) அக்கா... இதில் முடி கிடக்கிறது.

வசந்தா: எங்கே? துருவல்யா அது. கேரட்டுத் துருவல்.

செல்வம்: அட, ஆமாம். முடி என்றதும் ஞாபகம் வருகிறது. மான்ஸ்டர்ஸ் இங்க் என்று 2001-ல் ஒரு படம். அதில் சல்லி என்று நீல நிறப் பூதம். அதன் உடம்பில் 23 லட்சத்துக்கும் மேல் முடி. காற்றடித்தால் ஒவ்வொன்றும் தனியாக ஆட வேண்டும். அது வரும் ஒரே ஒரு ஃபிரேமை, அதாவது செகண்டுக்கு 24 என்றேனே, அதில் ஒன்றை, கம்ப்யூட்டர் போட்டு முடிக்க 11, 12 மணி நேரம் ஆகுமாம். எங்கள் பட்டறையில் ஒரு ஜோடி சலங்கைக் கொலுசுக்கு முத்துப் பத்தவைத்து முடிப்பதற்குள் என் கண்ணே பிதுங்கிவிடுகிறது.

வசந்தா: 23 லட்சம் முடியைக் காசு கொடுத்துப் பார்க்கிறாய். என் கடையில் ஒன்று இருக்கிறதோ என்றதும் சண்டைக்கு வருகிறாய். விடு. அந்த மாட்டுக்காரன் கதை என்ன ஆனது?

செல்வம்: (தட்டுவடையை நொறுக்கிக் கலக்கும் நொறுக்கலும் ஒரு பிளேட் என்று சைகை காட்டி) எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது கேலின் சஸ்மன் என்று ஒரு அம்மா, டெக்னிக்கல் வேலை பார்க்கிறவர், “என் வீட்டில் ஒரு காப்பி இருக்கலாம்” என்றார். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்தார். அதற்காகப் படத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார். போய், அதைப் போர்வையில் சுற்றி, கார் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, மெள்ள ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

வசந்தா: பச்சைப் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவருகிற மாதிரி!

செல்வம்: அப்படியேதான். வந்து ஒவ்வொரு ஃபைலாகக் கண்ணால் பார்த்துச் சரிசெய்தார்கள்.

(வசந்தாவின் கரண்டி நின்றுவிடுகிறது.)

வசந்தா: குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை... செல்வம், என் மகள் பிரசவத்துக்கு வந்தபோது நான் வண்டிக்கு வரவில்லையே?

செல்வம்: (மெதுவாக) ஆமாம்...

வசந்தா: மாமாதான் நின்றார். அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதென்று, ராத்திரி ராத்திரி மொத்த நோட்டையும் மகளுடைய பழைய ரஃப் நோட்டில் நான் திருப்பி எழுதினேன். அது அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடக்கிறது!

செல்வம்: அக்கா, கதையை முடிக்கவே விடவில்லையே நீங்க. மீட்டுக்கொண்டு வந்த படத்தில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கதை சரியில்லை என்று ஒன்பது மாசத்தில் புதிதாகவே எடுத்தார்கள். 1999 நவம்பரில் ரிலீஸ், சூப்பர் ஹிட். அதனால் பழசையெல்லாம் கிளறாமல், நாமும் முதலிலிருந்து...

வசந்தா: (போனில்) ஏங்க, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு ரஃப் நோட்டு இருக்கும். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வாங்க. வண்டியை மெதுவாக ஓட்டுங்க. வழியில் எந்தப் பேப்பர்காரன் கூப்பிட்டாலும் நிற்காதீங்க.

செல்வம்: அது பழைய கணக்குதானே அக்கா? அதற்கப்புறம் சாப்பிட்டது அதில் இருக்காதே?

வசந்தா: இருக்காதுதான். கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள் என்றாயே. உட்கார். ரெண்டு பேரும் பார்ப்போம்.

(புது நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி விழுகிறது. கீழே: செல்வம், 2 செட், 1 நொறுக்கல்.)

செல்வம்: ஐயோ, இதை எழுதாதீங்க அக்கா. இதற்குக் காசாகவே தருகிறேன்.

வசந்தா: கொடு. எழுதினதை அடிக்க மாட்டேன், முந்தாநாள் சாப்பிட்டதற்கு வைத்துக்கொள்கிறேன்.