மின்சார மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம்: பேட்டரியைவிடக் காற்றுதான் தடை

ஒரு மின்சார மோட்டார் சைக்கிள் முழுச் சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதைவிட, காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் அது நம்மை எவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கேட்பதுதான் நெடுந்தூரம் ஓட்டுபவருக்குப் பொருத்தமானது. முதல் கேள்விக்கான விடை விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கான விடையை நாமே கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும். நான் போட்ட கணக்கின்படி, ஒரே நாளில் 600 கிலோமீட்டர் ஓட்டும் வழக்கமுள்ளவருக்கு இன்றைய மின்சார மோட்டார் சைக்கிள் ஏற்றதல்ல. "தொழில்நுட்பம் இன்னும் வளரவில்லை" என்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அதே தொழில்நுட்பம் காரில் நன்றாகவே வேலை செய்கிறது. மோட்டார் சைக்கிளில் மட்டும் ஏன் திணறுகிறது என்பதைத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் சில எண்கள். ஹார்லி டேவிட்சன் 2019-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லைவ்வயரின் பேட்டரி 15.5 கிலோவாட் மணி கொள்ளளவு கொண்டது. அதாவது மின்கட்டணக் கணக்கில் 15.5 யூனிட். நகரத்துக்குள் இது 235 கி.மீ. ஓடும் என்று அறிவிக்கப்பட்டது. நெடுஞ்சாலையில், மணிக்கு 113 கி.மீ. என்ற சீரான வேகத்தில், அதே வண்டியின் எல்லை ஏறத்தாழ 113 கி.மீ.தான். நல்ல நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் சார்ஜ் தீர்ந்துவிடும் என்பதே இதன் பொருள். 2022-இல் வந்த, அமெரிக்காவின் ஜீரோ நிறுவனத்தின் டிஎஸ்ஆர்/எக்ஸ், பெயரளவில் சாகசப் பயணத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதில் 17.3 யூனிட் பேட்டரி இருக்கிறது. நகரத்தில் சுமார் 290 கி.மீ., நெடுஞ்சாலையில் அதே வேகத்தில் சுமார் 137 கி.மீ. இரண்டிலும் நகர எண்ணில் பாதிக்கும் குறைவே நெடுஞ்சாலை எண். ஆனால் நம் மனத்தில் பதிவது எப்போதும் பெரிய எண்தான்.

பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். பெட்ரோல் வண்டி நகர நெரிசலில் குறைவாகவும் திறந்த சாலையில் கூடுதலாகவும் மைலேஜ் தரும். சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சின் எரிபொருளைத் தின்றுகொண்டே இருக்கும் என்பதும், குறைந்த சுமையில் அதன் திறன் மிகவும் மோசமாக இருக்கும் என்பதும் அதற்குக் காரணங்கள். மின் மோட்டார் நின்றால் எதையும் செலவழிப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பியும் அனுப்புகிறது. ஆகவே நகரத்தில் அதன் கணக்கு அழகாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கும் வேலையே குறைவு என்பதால் திரும்பக் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. அங்கே செலவில் பெரும்பகுதி ஒரே எதிரிக்குப் போகிறது. அந்த எதிரி காற்று.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து 110-க்கு ஏறினால் வேகம் 38 விழுக்காடுதான் கூடியிருக்கும். காற்றைப் பிளக்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் செலவோ ஏறத்தாழ 90 விழுக்காடு கூடிவிடும். இது கார், லாரி எல்லாவற்றுக்கும் பொதுவான விதி. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு இதில் தனிப்பட்ட ஒரு சாபம் இருக்கிறது. இன்றைய மின்சாரக் காரின் உடல் காற்று வழுக்கிச் செல்லும்படி வார்க்கப்பட்டது. மோட்டார் சைக்கிளிலோ நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு மனிதர், அவருடைய ஹெல்மெட், படபடக்கும் ஜாக்கெட், கைப்பிடி, கண்ணாடிகள், பக்கவாட்டுப் பைகள் என்று ஒவ்வொன்றும் காற்றைக் கலைக்கிறது. மோட்டார் சைக்கிளின் இழுவைக் கெழு, அதாவது அதன் வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடும் என்பதைக் காட்டும் எண், காரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். முன்பரப்பு சிறியது என்பதால் மட்டுமே அது ஓரளவு தப்பிக்கிறது.

இதன் விளைவை யூனிட்டில் பார்த்தால்தான் புரியும். மேலே சொன்ன இரண்டு வண்டிகளும் நெடுஞ்சாலை வேகத்தில் 100 கி.மீ.க்கு 12 முதல் 14 யூனிட் வரை எடுத்துக்கொள்கின்றன. கிட்டத்தட்ட 1,800 கிலோ எடையுள்ள, ஐந்து பேர் அமரக்கூடிய ஒரு நல்ல மின்சாரக் கார் அதே வேகத்தில் 16 முதல் 18 யூனிட் எடுக்கும். எடையில் ஏழில் ஒரு பங்கு இருக்கும் மோட்டார் சைக்கிள், செலவில் காரைவிடக் கால் பங்குதான் மிச்சப்படுத்துகிறது. காரின் அடித்தளத்திலோ 60 முதல் 80 யூனிட் பேட்டரியைப் பரப்பி வைக்க இடம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, ஓட்டுபவரின் முழங்கால்களுக்கு இடையில், 15 அல்லது 20 யூனிட்டுக்கு மேல் அதிகம் திணிக்க இடமில்லை.

"பெரிய பேட்டரி வைத்தால் என்ன?" என்று உடனே கேட்கத் தோன்றும். டுகாட்டி நிறுவனம் பந்தயத்துக்காக உருவாக்கிய வி21எல் வண்டியில் 18 யூனிட் பேட்டரியின் எடை மட்டும் 110 கிலோ. செலவைப் பற்றிக் கவலைப்படாத பந்தய வண்டியிலேயே ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோ என்றால், நெடுஞ்சாலையில் 300 கி.மீ. ஓடத் தேவையான சுமார் 40 யூனிட்டுக்கு 240 கிலோ பேட்டரி வேண்டும். நன்றாகத் தயாரிக்கப்பட்ட ஒரு பெரிய பயண மோட்டார் சைக்கிளின் மொத்த எடையே அவ்வளவுதான். மறுபுறம், ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. 18 லிட்டர் டேங்கில் 160 யூனிட்; அதில் முக்கால் பங்கு வெப்பமாக வீணானாலும் சக்கரத்துக்கு 40 யூனிட் வந்து சேரும். அதன் எடை 14 கிலோகூட இல்லை. பெட்ரோல் எஞ்சின் அவ்வளவு ஊதாரித்தனமாக இருந்தும் அதனால் தாக்குப்பிடிக்க முடிவது இந்த ஒரு வசதியால்தான்.

காற்றை வெல்ல இன்னொரு வழி, வண்டியைச் சுற்றி முழு உறை போடுவது. 2013-இல் ஜீரோ வண்டி ஒன்றில் அமெரிக்காவைக் கரையிலிருந்து கரைக்குக் கடந்த டெர்ரி ஹெர்ஷ்னர் அதைத்தான் செய்தார்; மோட்டார் சைக்கிள் உறைகளை வடிவமைத்த கிரெய்க் வெட்டரின் வழியில் அமைந்த பெரிய உறையைப் பொருத்தி, கூடுதல் சார்ஜர்களையும் சுமந்து சென்றார். அது வேலை செய்தது. ஆனால் அந்தத் தோற்றத்தில் ஒரு வண்டியை விற்பனைக் கூடத்தில் நிறுத்தினால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று நினைக்கிறீர்கள்? பயணம் செய்பவர்கள் அகலமான கைப்பிடியையும் நிமிர்ந்த இருக்கையையும் விரும்புகிறார்கள். நானும் அப்படித்தான். நம் ரசனையும் இந்தச் சிக்கலின் ஒரு பகுதி.

இனி சார்ஜ் ஏற்றுவதைப் பார்ப்போம். லைவ்வயர், விரைவுச் சார்ஜரில் 40 நிமிடத்தில் 80 விழுக்காட்டை எட்டும். அதற்குமேல் வேகம் குறைந்துவிடும் என்பதால் 80-ல் பிடுங்கிக்கொண்டு கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். கீழேயும் 10 விழுக்காட்டுக்கு முன்பே அடுத்த நிலையத்தை அடைந்துவிட வேண்டும். பூஜ்ஜியம் வரை ஓட்டிப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம். ஆகவே காலையில் வீட்டிலிருந்து நிறைத்துக்கொண்டு போகும் முதல் கட்டத்தில் 100 கி.மீ. கிடைத்தாலும், அதன்பின் ஒவ்வொரு கட்டத்திலும் கிடைப்பது 80 கி.மீ.தான். நிலையத்தைக் கண்டுபிடித்து, வண்டியை நிறுத்தி, செயலியில் பணம் கட்டி, சார்ஜ் ஏற்றி முடிக்க ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 600 கி.மீ. பயணத்துக்கு ஆறேழு நிறுத்தங்களும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரக் காத்திருப்பும் ஆகும். ஓட்டும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே. வேகத்தை 90-க்குக் குறைத்தால் நிறுத்தங்கள் நாலைந்தாகக் குறையும். ஆனால் ஓட்டும் நேரம் கூடிவிடுவதால் போய்ச்சேரும் நேரம் அநேகமாக மாறாது. இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. முறுக்கினாலும் அடக்கி ஓட்டினாலும் அதே இரவு உணவு நேரத்துக்குத்தான் போய்ச்சேர முடிகிறது.

இதுவும் விரைவுச் சார்ஜர் வசதியுள்ள வண்டிக்கு மட்டுமே பொருந்தும். கார்களுக்கான விரைவுச் சார்ஜர்கள் பல நூறு வோல்ட் பேட்டரிகளுக்காக அமைக்கப்பட்டவை. சுமார் 100 வோல்ட்டில் இயங்கும் மோட்டார் சைக்கிள்களால் அவற்றைப் பயன்படுத்த இயலாது. டிஎஸ்ஆர்/எக்ஸ் போன்ற வண்டி, 6.6 கிலோவாட் மாறுதிசை மின்சாரத்தில் நிறைய இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். நெடுந்தூரத்துக்கு வாங்குபவர் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் விரைவுச் சார்ஜ் வசதி உண்டா என்ற இந்த ஒரு வரியைத்தான் பார்க்க வேண்டும்.

முடியாது என்று சொல்லிவிட்டால், முடித்துக் காட்டியவர்களைச் சுட்டிக்காட்டி நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். 2020 மார்ச்சில் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷெல் ஃபான் டெல், லைவ்வயரில் 24 மணி நேரத்துக்குள் 1,723 கி.மீ. ஓட்டினார். பெட்ரோல் வண்டிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும், நெடுந்தூர ஓட்டிகளின் அமைப்பான அயர்ன் பட் சங்கத்தின் 24 மணி நேர இலக்கு 1,609 கி.மீ. என்பதை நினைத்தால் இது எளிய காரியமல்ல. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 72 கி.மீ.; நான் மேலே போட்ட கணக்கைவிட மேலானது. ஆனால் அது ஒரு சாதனை முயற்சி. அவர் ஓட்டிய ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா, லிக்டென்ஸ்டைன் பகுதிகள் விரைவுச் சார்ஜர்கள் நிறைந்தவை. 2019-இல் நடிகர்கள் இவான் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் தென் அமெரிக்காவின் தென்கோடியான உஷுவாயாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை லைவ்வயர்களில் போனார்கள். அவர்களுக்குத் துணை வண்டிகள் இருந்தன. பாதையில் முன்கூட்டியே சார்ஜர்களும் நிறுவப்பட்டன. ஒரு குழுவே பின்னால் நின்று செய்த பயணத்தைக் காட்டி, தனியாகக் கிளம்பும் ஒருவருக்கு நம்பிக்கை ஊட்டுவது நியாயமில்லை.

"மனிதருக்கும் ஓய்வு வேண்டுமே" என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். ஓய்வு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நாம் களைத்த இடத்தில், நிழலும் தேநீரும் இருக்கும் இடத்தில் எடுப்பதுதான் ஓய்வு. சார்ஜர் எங்கே இருக்கிறதோ அங்கே, அது வேலை செய்கிறதா, முன்னால் வேறு வண்டி நிற்கிறதா என்ற கவலையோடு காத்துக்கிடப்பதை ஓய்வாகக் கணக்கிட என்னால் முடியவில்லை. எதிர்பாராமல் சார்ஜ் தீர்ந்து நின்றால் பாட்டிலில் வாங்கிவந்து ஊற்றிக்கொள்ளவும் வழியில்லை.

ஓட்டும் அனுபவத்தில் மின்சார வண்டியின் சிறப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதிர்வு இல்லை, கிளட்ச் இல்லை, தொடையைச் சுடும் எஞ்சின் வெப்பம் இல்லை. நாள் முடிவில் உடல் களைப்பு தெளிவாகவே குறைவு. மலைப்பாதையில் அது இன்னும் மேல். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். மின் மோட்டாருக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஏற்றத்தில் செலவழித்ததில் ஒரு பகுதி இறக்கத்தில் திரும்பவும் வரும். கொண்டை ஊசி வளைவுகளில் வேகமும் குறைவு என்பதால் காற்றின் தொல்லையும் இல்லை. கடுங்குளிரில் பேட்டரி சுணங்கும் என்பது மட்டும் அங்கே கவனிக்க வேண்டியது.

பேட்டரியை மாற்றிக்கொண்டு போகும் முறைதான் தீர்வு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தைவானில் கோகோரோ நிறுவனம் அதை ஸ்கூட்டர்களில் பெரிய அளவில் நடத்திக் காட்டியது உண்மை. ஆனால் ஹோண்டாவின் மாற்றக்கூடிய பேட்டரி ஒன்று சுமார் 10 கிலோ எடையில் 1.3 யூனிட்தான் கொள்ளும். நெடுஞ்சாலையில் அது பத்து கிலோமீட்டர்.

சந்தையும் இதைப் புரிந்துகொண்டதாகவே தெரிகிறது. நெடுஞ்சாலைப் பயணத்தை மனத்தில் வைத்து 22.5 யூனிட் பேட்டரியுடன் எக்ஸ்பீரியாவைத் தயாரித்த இத்தாலியின் எனர்ஜிகா நிறுவனம், 2024 அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குப் போனது. மோட்டோ-ஈ என்ற மின்சார மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடர் 2025-ஆம் ஆண்டுப் பருவத்தோடு நிறுத்திவைக்கப்பட்டது. ஹோண்டா 2025-இல் அறிமுகம் செய்த தன் முதல் பெரிய மின்சார மோட்டார் சைக்கிளான டபிள்யூஎன்7-க்கு 130 கி.மீ.க்கு மேல் என்ற அளவான ரேஞ்சை அறிவித்ததோடு நின்றுகொண்டது. அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். நடுவழியில் பழுதானால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நெடுந்தூரப் பயணிக்கு மற்றவர்களைவிட முக்கியம். சிறிய நிறுவனங்களின் நிலையைப் பார்க்கும்போது அதற்கு உறுதியான பதில் இல்லை.

ஆகவே யாராவது கேட்டால் நான் இப்படிச் சொல்வேன்: நாளொன்றுக்கு 250 முதல் 300 கி.மீ. வரை, இரவு தங்கும் இடத்தில் சார்ஜ் வசதி உறுதியாக இருக்க, பிரதான நெடுஞ்சாலையைத் தவிர்த்து உட்சாலைகளில் ஓட்டுபவர், விரைவுச் சார்ஜ் வசதியுள்ள வண்டியைத் தயங்காமல் வாங்கலாம். பகலில் இரண்டு மூன்று நிறுத்தங்களில் வேலை முடிந்துவிடும். அதற்குமேல் ஓட்டுபவர் பெட்ரோல் வண்டியை விற்றுவிட வேண்டாம். பேட்டரியின் எடை இன்றுள்ளதில் பாதியாகக் குறையும் நாளில் இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். அதுவரை தயாரிப்பாளர்கள் நகர ரேஞ்சைப் பெரிய எழுத்தில் போடுவதை விட்டுவிட்டு, மணிக்கு 100 கி.மீ. சீரான வேகத்தில் எத்தனை கிலோமீட்டர், 10-லிருந்து 80 விழுக்காட்டுக்கு எத்தனை நிமிடம் என்ற இரண்டையும் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். மின்சார வண்டியில் நெடுந்தூரம் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், வேகம், சுமை, எதிர்க்காற்று, ஒவ்வொரு கட்டத்திலும் செலவான சார்ஜ் விழுக்காடு ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள். மொத்த தூரத்தை மட்டும் எழுதினால் அதை வைத்து யாரும் திட்டமிட முடியாது.