முகம் பார்க்கும் கமராவிடம் நம் சனத்தை ஒப்படைக்க வேண்டாம்

கோயில் திருவிழா, தேவாலயம், பஸ் நிலையம் என்று சனம் கூடும் இடமெல்லாம் முகத்தை அடையாளம் காணும் கமரா பூட்ட வேண்டும் என்று நம் ஆட்கள் சிலர் கேட்கிறார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் நம் மட்டக்களப்பு. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அதற்கு இந்தக் கமரா மருந்தில்லை.

அன்று எது குறைவாக இருந்தது? இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்திருந்தது, தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் பெயரோடு. பெயர் கையில் இருந்தும் தடுக்கவில்லை. உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தாக்குதலின்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது அதற்காகத்தான். தாக்குதல் நடந்த அதே வாரத்தில், தேடப்படும் பெண் என்று பொலிஸ் வெளியிட்ட படம் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியுடையது. பொலிஸ் பிழையை ஒப்புக்கொண்டது. அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது வந்ததுதான்.

முகம் காட்டி ஃபோனைத் திறப்பது வேறு வேலை, அங்கே ஒரு முகத்தை ஒரே முகத்தோடு ஒப்பிட்டால் போதும். கூட்டத்தில் ஒவ்வொரு முகத்தையும் தேடப்படுவோர் பட்டியலில் உள்ள அத்தனை முகங்களோடும் ஒப்பிட வேண்டும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாட 10,000 பேர் வருகிறார்கள் என்று வைப்போம். ஆயிரத்துக்கு ஒரு பிழை என்றாலும் குற்றமில்லாத 10 பேர் மறிக்கப்படுவார்கள். தேடப்படுகிற ஆள் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். 2017இல் கார்டிஃபில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் தெற்கு வேல்ஸ் பொலிஸுக்கு இந்த மென்பொருள் காட்டிய 2,470 பொருத்தங்களில் 2,297 பிழை. அதற்குப் பிறகு நிறைய முன்னேறியிருக்கிறது, சரி. ஆனால் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019இல் சோதித்தபோதும் பல மென்பொருள்கள் ஆசிய, ஆபிரிக்க முகங்களை வேறொருவராக எடுத்துக்கொள்வது வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது.

இங்கே வயதில் மூத்த யாரிடமும் தலையாட்டி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். யுத்த காலத்தில் இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்தவர்களை வரிசையாக நடக்கவிடும். முகமூடிக்குள் இருப்பவன் தலையை ஆட்டினால் ஆள் போய்விடும். 1990 செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. என்னை ஏன் காட்டினாய் என்று தலையாட்டியிடம் கேட்க வழி இருக்கவில்லை. கமராவிடமும் இருக்காது. அதனால்தான் இந்த விசயத்தில் எனக்கு இவ்வளவு பதற்றம்.

சம்பவம் நடந்த பிறகு பதிவுகளில் ஆளைத் தேட மென்பொருள் உதவட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. பொருத்தம் காட்டியது என்பதற்காக மட்டும் யாரையும் கைது செய்யக் கூடாது. இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. முகத் தரவு அதில் விசேட வகைக்குள் வருகிறது. எனவே யாருடைய படம் பட்டியலில் ஏறும், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், பிழையாகப் பிடிபட்டவர் எங்கே முறையிடுவது என்று மாநகர சபை உறுப்பினர்களிடம் இப்போதே கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை இதை நான் எதிர்ப்பேன்.