குப்பை உங்கட, புகை எங்களுக்கு

யாழ்ப்பாண ரவுண் குப்பை எங்கட நவாலிக்குப் பக்கத்தில இருக்கிற கல்லுண்டாய் வெளிக்கு வருகுது. ரவுண் ஆக்களுக்கு வாசல் துப்பரவு, எங்களுக்கு நாத்தம். குப்பை மேட்டில நெருப்புப் பிடிச்சு, சோளகம் எண்ட தென்மேல் காத்தும் அடிச்சால் நவாலிப் பக்கம் இருக்கேலாது. கொடியில காயப்போட்ட உடுப்பைத் திரும்பத் தோய்க்கவேணும். இழுப்பு வருத்தமுள்ள பிள்ளையள் இரவிரவாய் மூச்சுக்கு அந்தரப்படுதுகள்.

மழை பெய்தால் இன்னும் பயம். இது சுண்ணாம்புக்கல் நிலம்; மேலே கொட்டுறதின்ர ஊத்தை கீழே இறங்கிக் கிணத்துக்குத்தான் வரும். குடிக்க எங்களுக்கு ஆறே இருக்கு? இதே யாழ்ப்பாணத்தில, சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்ததைக் கண்ட பிறகுமா இந்த அலட்சியம்?

உக்கிற குப்பையை அந்தந்த வட்டாரத்திலேயே பசளையாக்கலாம். அதுக்கு இடம் கேட்டால் மட்டும், "எங்கட ஒழுங்கைக்குள்ள வேண்டாம்" எண்டு எல்லாரும் கையெழுத்து வைக்கினம். எங்கட ஒழுங்கையிலயும் மனுசர்தானே இருக்கினம்?