இருபத்தோராவது வளைவு

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி குடும்பம் கோயமுத்தூர்ல இருந்து வந்திருந்தாங்க. எல்லாரும் ஒரே வண்டியில ஏற்காடு கிளம்பினோம். சேலம் அஸ்தம்பட்டி தாண்டினதும் பின் சீட்டுல இருந்து ஆயா, "சாமி, வண்டிய ஓரங்கட்டு. கேட்டு வந்துருச்சு"ன்னுச்சு.

பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸோட வாசல் வளைவு.

மாப்பிள்ளைக்கு எரிச்சல். "ஏன் மச்சான், வெறும் ஆர்ச்சுக்கு யாராவது இறங்குவாங்களா? உள்ள ஒண்ணுமே இல்லையே. லேட்டானா மேல பார்க்கிங் கிடைக்காது."

அவர் சொன்னது தப்பில்ல. வளைவுக்குப் பின்னாடி இப்ப வீடுங்கதான். ஆனா 1935ல டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்ச ஸ்டுடியோ அது. சென்னைக்குப் போகாம, சேலத்துல உக்காந்துக்கிட்டே நூத்துக்கும் மேல படம் எடுத்த கம்பெனி. மலையாளத்தோட முதல் பேசும்படம் 'பாலன்' 1938ல இவங்க எடுத்தது. தமிழோட முதல் முழுநீளக் கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956ல, அதுவும் இவங்களுதுதான். இதைச் சொன்னதும் மாப்பிள்ளை போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சார். என் வார்த்தையை நம்புற ஆளில்ல.

ஆயா சொன்னதுதான் இதைவிட ருசி. சின்ன வயசுல கூட்டாளிப் பொண்ணுங்களோட இங்க வந்து நிக்குமாம். வாட்ச்மேன் விரட்டுவாராம். "எம்ஜியாரப் பாத்தியா ஆயா?"ன்னேன். "எங்க பாத்தேன்! உள்ள போற சாப்பாட்டுக் கேரியரத்தான் எண்ணுவோம். கேரியர் நெறைய போனா அன்னைக்குச் சண்டைக் காட்சின்னு அர்த்தம்." கணக்கு சரியான்னு யாருக்குத் தெரியும். எனக்குப் பிடிச்சிருந்தது.

அங்கயே நின்னு, வர்ற வழியில பார்சல் வாங்கின தட்டுவடை செட்டைப் பிரிச்சோம். பீட்ரூட் துருவல் மேல தட்டுவடை ஏற்கனவே நமுத்துப் போச்சு. அதைப் பார்சல் வாங்கவே கூடாது, கடை வாசல்லயே வாயில போட்டுறணும். இது தனிப் பதிவுக்கான விஷயம்.

அப்புறம் மேல போனோம். லேடீஸ் சீட்டுங்கற வியூ பாயிண்ட்டுக்குப் போற வழியில முக்கால் மணி நேரம் வண்டி நகரல. போய் நின்னா கண்ணு முன்னாடி வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி பனி. சேலம் எங்கேயோ கீழ இருந்துச்சு. சுண்டல் தின்னுட்டுத் திரும்பினோம். இதைத்தான் நாம டூரிஸ்ட் ஸ்பாட்டுங்கறோம். பத்து நிமிஷம் நின்ன ஆர்ச்சை "அது என்ன ஸ்பாட்டு"ங்கறோம்.

அந்த ஆர்ச்சு விஷயத்துல எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லைங்க. மியூசியம் கேக்கல, நீரூற்று கேக்கல, கலர் லைட்டு வேண்டவே வேண்டாம். செல்ஃபி எடுக்க வர்ற பையன் நின்னு படிக்கிற மாதிரி, பெரிய எழுத்துல, எந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு தமிழ்ல பத்து வரி. பக்கத்துல வண்டியை ஓரங்கட்ட நாலடி இடம். ஆயா மாதிரி ஆளுங்க உக்கார ஒரு திண்ணை. போதும்.

இறங்கும்போது தங்கச்சி பையன் கொண்டை ஊசி வளைவை எண்ணிக்கிட்டே வந்தான். அடிவாரம் வந்ததும் இருபதோட முடிஞ்சிருச்சு. மாடர்ன் தியேட்டர்ஸ் வந்ததும் தூங்கி வழிஞ்சுக்கிட்டே "இருபத்தொண்ணு"ன்னான்.

ஆயா மறுபடியும் நிறுத்தச் சொல்லுச்சு. இந்தத் தடவை வளைவுக்கு அந்தப் பக்கம் மெதுவா பத்தடி நடந்து போய், திரும்பி வந்துச்சு.

"என்ன ஆயா?"

"ஒண்ணுமில்ல. இப்ப வாட்ச்மேன் இல்லல்ல."