அந்த வரிசையில் நின்றது குற்றமா?

மூன்று நாளாக அந்த வீடியோ என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. யார் போட்டது, எந்தக் கடை வாசல் என்றெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. என் நட்பு வட்டத்தில் பாதிப் பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். வெளிநாட்டில் படிக்கப் போன நம் பிள்ளைகள், பார்ட் டைம் வேலை கேட்டு ஒரு கடை வாசலில், மழையில், கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைலோடு வரிசையில் நிற்கிறார்கள். அதற்கு மேலே வீடியோவைப் போட்டவர் எழுதிய அந்த ஒரு வரி: "இதுக்காகவா விமானம் ஏறுனீங்க?" கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு.

முதல் நாள் பேசாமல் கடந்துபோனேன். இரண்டாம் நாள் கமெண்டுகளைப் படித்தேன், படித்திருக்கக் கூடாது. "மானத்தை வாங்குறானுங்க" என்று எழுதியிருந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய மகளும் வெளிநாட்டில்தான் படிக்கிறாள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பார்ட் டைம் வேலை தேடி வரிசையில் நிற்பது குற்றமில்லை. அவமானமும் இல்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். கீழே எவ்வளவு நீளமாக எழுதினாலும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

அந்தப் பிள்ளைகள் எதையும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. அவர்கள் விசாவே வேலை செய்ய அனுமதிக்கிறது. பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு வந்தவருக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். கனடாவில் கேம்பஸுக்கு வெளியே 2024 நவம்பரிலிருந்து வாரம் 24 மணி நேரம். ஜெர்மனியில் 2024-இலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள். அமெரிக்காவில்தான் கெடுபிடி அதிகம், முதல் வருடம் கேம்பஸுக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும், அதுவும் வகுப்புக் காலத்தில் 20 மணி நேரத்துக்குள். அனுமதி கொடுத்த நாட்டில் அனுமதித்த வேலையைக் கேட்டு நிற்கிறார்கள். இதில் யாருடைய மானம் போனது?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு ஆள் பற்றாக்குறை வந்தபோது இதே நாடுகள் என்ன செய்தன? ஆஸ்திரேலியா 2022 ஜனவரியில் மணி நேர வரம்பையே தூக்கிவிட்டது, 2023 ஜூலையில்தான் திரும்பக் கொண்டுவந்தது. கனடா 2022 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் வரை தகுதியுள்ள மாணவர்களுக்குக் கேம்பஸுக்கு வெளியே வேலை பார்க்கும் மணி நேர வரம்பை நிறுத்திவைத்தது. காரணம் ஆள் பற்றாக்குறை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். கை தேவைப்பட்டபோது கதவைத் திறந்தார்கள், தேவை தீர்ந்ததும் மூடினார்கள். கதவு திறந்திருந்த காலத்து நிலவரத்தை நம்பிக் கிளம்பியவன் மூடிய பிறகு போய் இறங்கினான். அவன்தான் இப்போது உங்கள் போனில் மழையில் நிற்கிறான்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு இதில் ஏன் இவ்வளவு சுடுகிறது என்று புரிய வேண்டுமானால் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் பிரிட்டனில் மாஸ்டர்ஸ் படித்தேன். இறங்கிய இரண்டாவது வாரம் நூலகத்தில் நாற்பது சிவி பிரின்ட் எடுத்தேன். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். ஒவ்வொரு கடை வாசலிலும் உள்ளே போவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒரு கடையில் மேனேஜர் சிரித்த முகத்தோடு வாங்கினார். நான் கதவு வரை வந்து திரும்பிப் பார்த்தபோது அந்தத் தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் போன் நம்பர் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பக்கத்தில் கிடந்த தாள் அது. ஆனால் இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பேனா நகர்ந்தது என் கண்ணில் நிற்கிறது.

முதலில் வேலை கொடுத்தது நம் ஆள்தான். உணவகம். "தங்கச்சி, ரெண்டு நாள் ட்ரையல் பாரு, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். தமிழ்க் குரல் கேட்டதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் நான்கு நாளானது. பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றேன். அந்த மெஷின் கதவைத் தூக்கும்போதெல்லாம் ஆவி முகத்தில் அடிக்கும், கழுவும் மருந்து கையுறைக்குள் இறங்கி மணிக்கட்டில் வட்டமாகத் தோல் உரிந்தது. ஐந்தாம் நாள் போனேன். "இப்போதைக்கு ஆள் வேண்டாம்மா" என்றார். ஒரு பைசா தரவில்லை. நான் நின்ற அதே இடத்தில் வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளும் ட்ரையல்தான்.

இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன்.

பிறகு முதியோர் இல்லம் ஒன்றில் இரவு ஷிப்ட் கிடைத்தது. பே ஸ்லிப், வங்கிக் கணக்கில் சம்பளம், எல்லாம் முறையாக. அங்கேதான் இந்த 20 மணி நேரம் என்பது என்ன கணக்கு என்று கற்றுக்கொண்டேன். அந்த நாட்டு விசா விதியில் வாரம் என்றால் திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. இந்த வாரம் 18, அடுத்த வாரம் 22, சராசரி 20 என்ற பேச்சே கிடையாது. சம்பளமில்லாத வேலையும் கணக்கில் சேரும். ஞாயிறு இரவு 10 மணிக்கு ஏறி திங்கள் காலை 6 மணிக்கு இறங்கினால் 2 மணி நேரம் பழைய வாரத்துக்கு, 6 மணி நேரம் புது வாரத்துக்கு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் சூப்பர்வைசர், "ஒருத்தர் வரல, நாலு மணி நேரம் கூட நில்லேன்" என்றார். நின்றால் 23 ஆகிவிடும். முடியாது என்றேன். அடுத்த இரண்டு வாரம் ரோட்டாவில், அதாவது ஷிப்ட் பட்டியலில், என் பெயரே இல்லை. சட்டத்தை மதித்ததற்கு எனக்குக் கிடைத்தது அதுதான்.

சரி, இனி நீங்கள் கேட்கப்போவதற்கு வருகிறேன். இன்பாக்ஸில் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள்.

"கையில காசு இல்லாம ஏன் போகணும்?"

நியாயமான கேள்விபோலத்தான் தெரியும். நானும் கணக்குப் போட்டே பதில் சொல்கிறேன். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது. 20 மணி நேரம் முழுசாகக் கிடைத்தால் வாரம் 244 பவுண்ட், மாதம் சுமார் 1,058. அதே 2025 தொடக்கத்தில், லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவர் மாதச் செலவுக்கு 1,136 பவுண்ட் காட்ட வேண்டும் என்று அந்த அரசே விதி வைத்தது. ஒரு வாரம்கூட விடாமல், ஒரு நாள்கூடக் காய்ச்சல் வராமல் உழைத்தாலும் அரசாங்கம் சொல்லும் சாப்பாடு வாடகைக்கே பற்றாது. ஃபீஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் கணக்கு, பிள்ளைகளை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்டுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் "போய் இறங்குங்க, பார்ட் டைம்ல ஃபீஸ் கட்டிடலாம்" என்று சொல்கிறவன் யார்? விசாவுக்கு 28 நாள் வங்கிக் கணக்கில் பணம் இருந்தால் போதும் என்ற விதியைப் பார்த்துவிட்டு, வட்டிக்கு ஷோ மணி, அதாவது கணக்கில் காட்ட மட்டும் கடன் பணம், ஏற்பாடு செய்து, விசா வந்ததும் அதை உருவிக்கொள்கிறவன் யார்? கோடை விடுமுறையில் ஃபுல் டைம் பார்க்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். ஒரு வருட மாஸ்டர்ஸ் படிக்கிறவருக்கு அந்தக் கோடை முழுக்க ஆய்வறிக்கை எழுதும் காலம், அதுவும் படிப்புக் காலம்தான், அப்போதும் 20 மணி நேரம்தான். இதையெல்லாம் எந்த ஏஜென்ட் அலுவலகத்தில் சொன்னார்கள்? கனடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். செலவுக்குக் காட்ட வேண்டிய 10,000 டாலரை ஒரே அடியாக 2024 ஜனவரியில் 20,635 ஆக்கினார்கள். பழைய தொகை வாழப் போதாது என்று அரசே ஒப்புக்கொண்டது என்றுதானே அர்த்தம்? அதற்கு முந்தைய மாதம் வரை 10,000 காட்டிப் போன பிள்ளை என்ன பாவம் செய்தது?

கேள்வி கேட்பதென்றால் ஏஜென்டைக் கேளுங்கள். அவன் அலுவலகத் திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றவர்கள் வரிசையில் நின்ற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

"படிக்கப் போனவன் படிப்பைப் பார்க்கட்டும்."

அந்த நாட்டுப் பிள்ளைகள் படிப்பைப் பார்த்துக்கொண்டே வேலைக்கும் போகிறார்கள். என் வகுப்பில் அந்நாட்டுக்காரர்கள் பாதிக்கு மேல் எங்கேயாவது வேலையில் இருந்தார்கள். அவர்கள் செய்தால் பொறுப்பு, நம் பிள்ளை செய்தால் கேவலமா? இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

"உள்ளூர்க்காரன் வேலையைப் பறிக்கிறாங்க." இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள் என்றால்கூடப் பரவாயில்லை. இருபது வருடம் முன்னால் இதே மாதிரி பெட்டியோடு போய் இறங்கியவர்கள் சொல்லும்போதுதான் எரிகிறது. ஒரு வேலைக்கு இருநூறு பேர் நின்றால் அங்கே வேலை குறைவு என்பது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். புதிதாகக் கிளம்புகிறவர்கள் அதை யோசித்துக் கிளம்ப வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அதைச் சொல்லும் முறை இதுவா?

"சிலர் 20 மணி நேரத்தைத் தாண்டி வேலை பார்க்கிறாங்களே, டெலிவரி ஆப்ல அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுறாங்களே?" ஆமாம், தப்புதான். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது என்ற நாட்டில் வாடகைக் கணக்கில் டெலிவரி ஓட்டினால் விசாவே போகும். அதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன், இதைப் படிக்கிற தம்பி தங்கைகள் யாரும் செய்யாதீர்கள். ஆனால் அந்தத் தப்பில் யார் லாபம் பார்க்கிறார்கள் என்றும் பாருங்கள். 2015-இல் ஆஸ்திரேலியாவில் செவன் இலெவன் கடைகள் விவகாரம் வெளியே வந்தது. மாணவர்களை அனுமதித்ததைவிட அதிக நேரம் வேலை வாங்கி, பாதி நேரத்தை மட்டும் கணக்கில் எழுதிச் சம்பளம் கொடுத்திருந்தார்கள். புகார் கொடுத்தால் "நீயும்தான் விசா விதியை மீறினாய், திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டினார்கள். மாணவன் வாயை மூட அந்த மணி நேர வரம்பே முதலாளிக்குப் பூட்டாகிவிட்டது. பிறகு பெரிய தொகை திருப்பிக் கொடுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் பயந்து கழித்த இரவுகளை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

மறுபடியும் எனக்கு அந்த உணவகம்தான் ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரன் என் சிவியின் பின்பக்கம் எழுதியதை நான் மன்னித்துவிட்டேன். "தங்கச்சி" என்று கூப்பிட்டு நான்கு நாள் உழைப்பை எடுத்துக்கொண்டவரை மன்னிக்க முடியவில்லை. அவரும் இன்று எங்கேயாவது உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்திருப்பார். சிரித்த நீங்கள் எல்லாரும் அவரில்லை, தெரியும். ஆனாலும் மூன்று நாளாக ஒவ்வொரு சிரிப்பையும் பார்க்கும்போது அந்த அடுக்களையில் ஈரக் கையோடு நிற்கிற மாதிரியே இருக்கிறது.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து வீட்டுக்கு போன் பண்ணும்போது கேமராவை முகத்துக்கு நெருக்கமாக வைத்துக்கொள்வேன், யூனிஃபார்ம் தெரியக் கூடாது என்று. "லைப்ரரியில இருந்து வந்தேன்மா" என்பேன். அம்மாவுக்குத் தெரிந்தால் நகையை அடகு வைத்தாவது பணம் அனுப்புவாள், அந்தப் பயம்தான். அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் வீட்டில் இப்படி ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்திருப்பார்கள்.

நேற்று இரவு ஒரு தம்பி மெசேஜ் அனுப்பினான். எனக்கு அவனைத் தெரியாது, என் பழைய பதிவுகளைப் படித்திருக்கிறான். "அக்கா, அந்த வீடியோல நாப்பதாவது செகண்ட்ல வர்றது நான்தான். அவருக்கு மெசேஜ் பண்ணேன், பார்க்கல. நீங்க சொன்னா முகத்தையாவது மறைப்பாரா?" என்று கேட்டான். திரும்பப் போய்ப் பார்த்தேன். நாற்பதாவது நொடியில், மழைக்கு ஃபைலைத் தலைக்கு மேலே பிடிக்காமல் ஜாக்கெட்டுக்குள் வைத்து நனையாமல் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறான்.

வீடியோவைப் போட்ட சார், உங்களுக்கு நானும் நேற்று இரவே மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். விவாதம் எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம், என்னைத் திட்டி நாளைக்கு ஒரு பதிவுகூடப் போடுங்கள். இன்றைக்கு அந்த வீடியோவை மட்டும் எடுத்துவிடுங்கள். அவன் அம்மாவும் முகநூலில் இருக்கிறார்.