பீடிக்கு மாறுவது சேமிப்பாகாது

சிகரெட் விலை ஏறினால் புகைப்பவர்கள் பீடிக்கு மாறுகிறார்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் சுமை இறக்கும் என் அண்ணன், பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்றுக் கங்கில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "செலவைக் குறைத்துவிட்டேன்" என்றார். கோபம் வந்தது. மலிவு என்பதால் கட்டுக் கட்டாகத் தீர்கிறது. நுரையீரலுக்குப் பீடி ஒன்றும் சலுகை தராது.

அவர் சிகரெட்டுக்குச் செலவழித்தது நாளுக்கு 60 ரூபாய், மாதம் 1,800. புகையை அடியோடு விட்டால் அந்தப் பணம் மிஞ்சும். அதைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் போடாதீர்கள். அஞ்சலகத்தில்கூட அதற்கு வட்டி 4 சதவீதம்தான். ஏடிஎம் அட்டை கையில் இருந்தால் பணம் தங்கவும் தங்காது. ஒரு வங்கியில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று எங்கள் கணக்கிலேயே பிடித்தம் செய்தார்கள்.

மாதாமாதம் ஒரே தொகை கட்டும் அஞ்சலகத் தொடர் வைப்புக்கு (ஆர்.டி.) 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமானது. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். 1,800 வீதம் ஐந்து ஆண்டு கட்டினால், போட்டது 1,08,000. அந்த வட்டியில் கைக்கு வருவது சுமார் 1,28,000. மூன்று ஆண்டு முடியாமல் கணக்கை மூட முடியாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். நாள்கூலி வீட்டில் அந்தப் பூட்டுதான் பணத்தைக் காப்பாற்றுகிறது.

விட முடியாமல் தவிப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண் உண்டு. அண்ணனை நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேச வைத்தேன்.