கடலைப் பார்த்து உட்கார்ந்தால் ஏர்வாடியா?

போன ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வீட்டில் நடந்ததைப் பலர் வீடியோவாகவே பார்த்துவிட்டீர்கள். முதலில் இருந்து சொல்லப் போவதில்லை. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி சின்னம்மா சொன்னது ஒரே வரிதான். "விடியக்காலம் எந்திரிச்சு தனியா கடலப் பாத்து உக்காந்திருக்காளாம், இவள ஏர்வாடியிலதான் கொண்டுபோய் விடணும்." மனநோயாளிகளைக் கொண்டுபோய்த் தங்கவைக்கும் தர்கா இருக்கிற ஊர் அது. பந்தியே சிரித்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த பையனும் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கை நடுங்கியது.

மூன்று நாள் பொறுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து என் மனசை நான் பார்க்கிறேன். அது கிறுக்கு இல்லை.

அப்பா இறந்து 2 வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய 4 வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. காரணம் என் கல்யாணம், சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். உடம்புக்கு முடியவில்லை என்று தம்பி போன் செய்தபோது மாசக் கடைசி. நண்டு கம்பெனியில் கணக்கு முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்துப் போனேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் எனக்கு வழி சொன்னார்கள். விதி என்றார்கள், மறந்துவிடு என்றார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப்போய் 22 தீர்த்தத்திலும் குளிக்க வைத்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கிணற்றிலும் வாளித் தண்ணீர் தலையில் விழும்போது நன்றாக அழ முடிந்தது. எது தண்ணீர் எது கண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஈரச்சேலையோடு பஸ் ஏறியபோது, அந்த இரண்டு நாள் என்னோடுதான் ஏறியது.

மருகுவது வேறு, பார்ப்பது வேறு. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். மருகும்போது ஏன் போகவில்லை, ஏன் போகவில்லை என்று ஒரே கேள்வி செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கும் நிற்காது. பார்ப்பது என்றால், அந்தக் கேள்வி வரும்போது தொண்டை அடைக்கிறதா, நெஞ்சில் கனக்கிறதா, இது துக்கமா கோபமா என்று அதன் பக்கத்திலேயே இருப்பது. பல மாதம் அப்படி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. எனக்கு அப்பா மேல்தான் கோபம். நான்கு வருஷத்தில் ஒரு போன் அவரும் செய்யவில்லையே என்று. அதை ஒத்துக்கொண்ட அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன். இதை எந்தக் கயிறும் எனக்குச் சொல்லியிருக்காது.

அப்பா வலை பொத்தும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். உடனே ஊசியை எடுக்க மாட்டார். வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணி கண்ணியாக விரலால் தடவிக்கொண்டே போவார். பெரிய கிழிசல் தெரிந்தாலும் அதைத் தாண்டிப் போய்ப் பார்ப்பார். ஒரு மணி நேரம் அப்படியே போகும். அவரைப் பார்த்து யாரும் ஏர்வாடி என்று சொன்னதில்லை.

"டாக்டரைப் பார்க்க வேண்டியதுதானே" என்பீர்கள். பார்த்தேன். அரசு மருத்துவமனையில்தான். மூன்று மாதம் தூக்கத்துக்கு மாத்திரை சாப்பிட்டேன். மனசில் ஓடுவதை எழுதிப் பார்க்கச் சொன்னதே அந்த டாக்டரம்மாதான். உள்ளே பார்ப்பவர்கள் மருந்து வேண்டாம் என்று சொல்வதாக யார் உங்களுக்குச் சொன்னது? ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். 2022-ல் இருந்து இருக்கிறது.

வேலை இல்லாதவள் என்பவர்களுக்குப் பதில் கிடையாது. ஏழு மணிக்கு நண்டு எடை போட ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நிற்கிறேன்.

"எங்க அப்பத்தா காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" இருந்தது. என் அப்பத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் தப்பி வந்தவர். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், விடிய விடியக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். என்ன ஆத்தா என்று ஒருத்தரும் கேட்டதில்லை, நான் உள்பட. கிழவிக்குப் பயம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவோம். சாகும்வரை அந்தக் கதவை அவர் தனியாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

சும்மா இருப்பதுதான் அரிது என்று பாடிய தாயுமானவர் அடங்கிய இடம் நம் ராமநாதபுரத்தில்தான் இருக்கிறது. அங்கே போய் விழுந்து கும்பிடுகிறோம். வடகடல் ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட வத்தைப் படகு மேல் ஒரு பொம்பளை அரை மணி நேரம் சும்மா இருந்தால் பந்தியில் வைத்துச் சிரிக்கிறோம்.

அப்புறம் ஏர்வாடி. இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலையில் அங்கே தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. மனநலம் பாதிக்கப்பட்ட 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. நம்மைப் போல அவர்களுக்கும் அம்மா, சின்னம்மா, மதினி எல்லாரும் இருந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. நம் வாயில் மட்டும் அந்த ஊர்ப்பெயர் இன்னும் வசவாகவே இருக்கிறது. இன்றைக்கும் எத்தனையோ குடும்பம் நோயாளிப் பிள்ளையோடு அந்த தர்காவில் வந்து தங்குகிறது. அந்த வீட்டுக்காரர்கள் யாராவது அன்றைக்கு நம் பந்தியில் இருந்திருந்தால்? இருந்திருக்கலாம். இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். என்னைப் போலவே சிரித்து வைத்திருப்பார்கள்.

சின்னம்மா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். யாராவது வாசித்துக் காட்டுவார்கள். உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. அப்பா இறந்த அன்றைக்கு என் வாயில் காப்பித் தண்ணி ஊற்றியது நீங்கள்தான். நான் அதை மறக்கவில்லை. ஆனால் அந்த வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டவர் யாராக இருந்தாலும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதில் எனக்குப் பக்கத்து இலையில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள், அவள் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.